மாடியறைச் சாயை

மீனாம்பாளுக்குப் பேய் பயம் கிடையாது. வேலூரில் நர்ஸு வேலை கற்ற மூன்று வருஷமும் அவள் படுத்த அறைக்கு அடுத்தது பிண அறை. சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்தவர்கள் ஒருநாளும் தன்னைத் தொந்தரவு செய்ததில்லை என்றும், இந்தப் பக்கம் படுத்தவர்கள்தான் குறட்டை விட்டுத் தூங்கவிடாமல் செய்தார்கள் என்றும் சொல்லிச் சிரிப்பாள். அப்படிப்பட்டவள் பேய்க்கதை எழுதினாள் என்பது ஆம்பூரில் யாருக்கும் தெரியாது.

பிறந்த ஊர் நாட்றம்பள்ளி. பன்னிரண்டு வயதில் கலியாணம். புருஷனுக்கு ஜோலார்பேட்டை ரயில்வேயில் வேலை. வாந்திபேதி வந்த ஒரு வருஷம், காலையில் விளக்கும் கொடியுமாகப் புறப்பட்டவன் மறுநாள் காலையில் இல்லை. அப்போது அவளுக்குப் பதினேழு. அண்ணன் வீட்டில் இரண்டு வருஷம் மாட்டுக் கொட்டகை கூட்டினாள். மூன்றாம் வருஷம் அண்ணியின் வாய்க்குப் பயந்து அண்ணனே அவளை வேலூருக்குக் கொண்டுபோய் விட்டான். படிப்பு முடிந்ததும் ஆம்பூரில் வேலை போட்டார்கள். ஒரு சின்ன மருந்துக்கூடம், அதன் பின்னால் ஒரு அறை. கோஷா வீடுகளுக்குப் போய்ப் பிரசவம் பார்ப்பது, புண் கழுவிக் கட்டுவது, ஒத்தடம் கொடுப்பது, இவைதான் வேலை. ஆண் டாக்டர் நுழைய முடியாத வாசல்களில் எல்லாம் அவள் நுழைந்தாள். ஒன்பது வருஷத்தில் முன்னூறு குழந்தைகளுக்கு மேல் அவள் கையில் பிறந்தன.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கதை எழுதுவாள். சென்னையிலிருந்து வரும் ஒரு மாதர் பத்திரிகை அதை வாங்கிப் போட்டது. அவள் கதைகளில் பாழடைந்த பங்களா இருக்கும், பூட்டிய அறை இருக்கும், அறைக்குள் அழுகுரல் கேட்கும். கடைசியில் பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது பேயாக இருக்காது. யாரோ ஒரு பெண், சோறு தண்ணீர் இல்லாமல், உயிரோடு இருப்பாள். அவள் நுழைந்து பார்த்த வீடுகளில் இதற்கு மேல் பயங்கரமான எதையும் அவள் கண்டதில்லை. கதைக்குக் கீழே தன் பெயரைப் போடாமல் செத்துப்போன புருஷனின் பெயரைப் போட்டாள், கோதண்டபாணி என்று. வாயால் ஒருநாளும் சொல்லாத பெயரை மாதம் ஒருமுறை அச்சில் பார்ப்பதில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது.

இந்தக் கதைகளை உயிராக நினைத்துக் கேட்டவள் அக்தரி பேகம். தோல் பதனிடும் டேனரி ஒன்றுக்கு முதலாளி வீட்டம்மாள், விதவை. அறுபதை நெருங்கிய வயது, இரண்டு முழங்காலிலும் வாதம். செவ்வாயும் சனியும் மீனாம்பாள் போய் எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுப்பாள். வீட்டின் முன்வாசல் தெருவில், பின்வாசல் டேனரி முற்றத்தில். மேலே மாடியில் ஒரே ஒரு அறை, நீலச் சன்னல்களோடு. வீட்டுக்குள் உருதுதான் பேசுவார்கள். மீனாம்பாளோடு மட்டும் அக்தரி பேகம் தமிழில் பேசுவாள். நன்றாகவே பேசுவாள். மீனாம்பாளுக்குத் தெரிந்த உருது, எங்கே வலிக்கிறது, முக்கு, தண்ணீர் குடி என்பதோடு சரி.

ஒத்தடம் ஆறும் வரை கதை படிக்க வேண்டும். அது ஒரு நியமமாகவே ஆகிவிட்டது.

"இத எழுதினது யாரு, நர்ஸம்மா?"

மீனாம்பாள் பத்திரிகையைத் திருப்பி விரலால் காட்டுவாள்.

"எனக்கு எழுத்து தெரிஞ்சா உன்ன எதுக்குக் கேக்கறேன்? வாயத் தொறந்து சொல்லேன்."

"சொல்லக் கூடாதும்மா. எங்க வூட்டுக்காரர் பேரும் அதே பேரு."

"அட, செத்தும் உன் வாய அடைச்சி வெச்சிருக்காரே அந்த மனுஷன்!"

கதை முடிந்ததும் சண்டை வரும். "இன்னா இது? மூணு மாசமா பேய் பேய்னு பயமுறுத்திட்டு, கடைசில சின்ன மருமவதான்றான். பேய்னு சொன்னா பேயாத்தான் இருக்கணும். இந்தாளுக்குப் பேய்ங்க மேல நம்பிக்கையே இல்ல. பேஜாரு!" என்பாள் அக்தரி பேகம். மீனாம்பாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு துணியைப் பிழிவாள்.

அந்த வீட்டின் இளைய மருமகள் மஹ்பூபி. வாணியம்பாடிப் பெண், பத்தொன்பது வயது. வீட்டில் அவளைப் போல மாமியாரைக் கேலி செய்ய யாருக்கும் தைரியம் கிடையாது. அக்தரி பேகம் நடப்பதைப் போலவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து காட்டுவாள். பார்த்துவிட்டு மாமியாரே சிரிப்பாள். அவள் புருஷன் ஷபீ அஹமது பச்சைத் தோல் வாங்கக் கல்கத்தாவுக்குப் போனால் திரும்ப மாதக்கணக்காகும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு, மாசி மாதத்தில் அவளுக்குப் பிரசவம். மீனாம்பாள்தான் பார்த்தாள். சுகப்பிரசவம், ஆண் குழந்தை. பதினோராம் நாள் குழந்தைக்கு ஜன்னி கண்டு இறந்துபோயிற்று.

துக்க வீடு, மூன்று வாரம் வராதே என்றார்கள். மீனாம்பாள் போகவில்லை. பிற்பாடு வாழ்நாள் முழுக்க அந்த மூன்று வாரத்தைத்தான் தன் தவறுகளில் முதலாவதாகக் கணக்கில் வைத்தாள். குடிக்கக் குழந்தை இல்லாத மார்பில் பால் கட்டும், பீய்ச்சிவிட வேண்டும் என்பதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அந்த வீட்டுப் பெண்கள் தங்களுக்குத் தெரிந்தபடி துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள்.

திரும்பப் போனபோது மாடியறை பூட்டிக் கிடந்தது. சாவி அக்தரி பேகத்தின் இடுப்பில்.

"எதுக்கும்மா பூட்டு?"

அக்தரி பேகம் அழுதுகொண்டே சொன்னாள். காய்ச்சல் வேகத்தில் மஹ்பூபி ஒருநாள் முற்பகல் பின்வாசல் வழியாக டேனரிக்குள் இறங்கிப் போய்விட்டாள். தலையில் துணியில்லை. ஆவாரம்பட்டை அள்ளிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாரும் பார்த்தார்கள். நேரே சுண்ணாம்புத் தொட்டிக்குப் போய் விளிம்பில் மண்டியிட்டு, உள்ளே வெள்ளை வெள்ளையாக ஊறிக்கொண்டிருந்த ஆட்டுத் தோலைப் பார்த்து, என் பிள்ளையை ஏன் இதில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். கையை விட்டு எடுக்கவும் பார்த்திருக்கிறாள். மூத்த மகன் கலீமுல்லா ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டாம் முறையும் போனாள். அதற்கப்புறம் பூட்டு.

"தொட்டில உழுந்தா தோலு கூட மிஞ்சாது, நர்ஸம்மா. நான் இன்னா பண்ணுவேன்?"

இடையில் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. நீலச் சன்னலுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்கிறது, பிள்ளைத் தாலாட்டு கேட்கிறது என்று டேனரி ஆட்கள் சொன்னார்கள். சாயங்காலம் ஆனால் அந்தப் பக்கத்துச் சுவரோரம் நடப்பதை விட்டுவிட்டார்கள்.

மீனாம்பாள் மேலே போய்ப் பார்த்தாள். அறை சுத்தமாகத்தான் இருந்தது. மெத்தை, பானைத் தண்ணீர், தட்டில் மூடிய கஞ்சி, எல்லாம் இருந்தது. டேனரி வாடை வராமலிருக்கச் சாம்பிராணி போட்டிருந்தார்கள். கட்டை அவிழ்த்தாள். இடது மார்பு பூசணிக்காய் போல வீங்கிச் சிவந்து பளபளத்தது. விரல் வைத்து அழுத்தினால் உள்ளே சீழ் அலை அடித்தது, ஒரு இடத்தில் அல்ல, மூன்று இடத்தில். அக்குளில் நெறி கட்டியிருந்தது. உடம்பு கொதித்தது. ஒரு சின்னக் கட்டியாக இருந்தால் உத்தரவு இல்லாவிட்டாலும் மீனாம்பாளே கீறியிருப்பாள். இது மயக்க மருந்து கொடுத்து ஆழமாகத் திறந்து, குழாய் வைத்து வடிய விடவேண்டிய கட்டி. வேலூரில் லேடி டாக்டர் அரைமணி நேரத்தில் செய்வார். செய்தால் பிழைப்பாள். செய்யாவிட்டால் விஷம் ரத்தத்தில் கலக்கும். அதற்குப் பத்து நாள், மிஞ்சினால் பன்னிரண்டு நாள்.

மஹ்பூபி கண்ணைத் திறந்தாள். அந்த நேரத்துக்குப் புத்தி தெளிவாக இருந்தது.

"நர்ஸம்மா, நீ கீழ அம்மீக்குப் படிக்கிற கதை சன்னல் வழியா மேல கேக்குது. நீ கடைசில குரலக் கம்மி பண்ணிட்றே. முடிவு மட்டும் கேக்க மாட்டேங்குது. கொஞ்சம் சத்தமா படியேன்."

"படிக்கிறேன். இப்ப இந்தக் கையத் தூக்கு."

"கடைசில அந்தப் பொண்ணு வெளில வந்தாளா இல்லியா?"

"வந்தா. என் கதைல எல்லாரும் வெளில வருவாங்க."

சொன்ன பிறகுதான் என் கதை என்று சொல்லிவிட்டது அவளுக்கே உறைத்தது. மஹ்பூபி கண்ணை விரித்துப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்து, யாரிடமும் சொல்லமாட்டேன் என்பதுபோல் தலையாட்டினாள்.

கீழே வந்து மீனாம்பாள் நேராகச் சொன்னாள். வேலூருக்குக் கொண்டுபோக வேண்டும், பெண் டாக்டர்தான் பார்ப்பார், கோஷா கெடாது, நானே கூட வருகிறேன் என்றாள்.

அக்தரி பேகத்தின் முகம் கல்லாகிவிட்டது. "என் பொண்ணு குர்ஷித்தயும் இப்டித்தான் ரயில்ல ஏத்துனாங்க. பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு. வயித்து வலி, நாலு நாள்ல வந்துடலாம்னாங்க. நாலாவது நாளு வந்தா. கூட்ஸு வண்டில, பெட்டில. மூஞ்சியக்கூட நான் முழுசா பார்க்கல. இன்னொரு பொண்ண நான் ரயில்ல ஏத்த மாட்டேன். செத்தாலும் என் மடியில சாவட்டும்."

அதற்குமேல் பேசினால் எழுந்து போய்விடுவாள். இரண்டு தடவை பேசிப் பார்த்தாள், இரண்டு தடவையும் எழுந்து போனாள்.

மீனாம்பாள் வேறு வழி பார்த்தாள். முகத்துக்கு நேரே சொன்னால் கேட்காதவள் கதையில் வந்தால் கேட்பாள். போன வருஷம் கதையில் ஒரு மாமியார் மருமகளைப் பட்டினி போட்டபோது அக்தரி பேகம் இரண்டு நாள் அந்த மாமியாரைத் திட்டித் தீர்த்தாள். தன்னையே கதையில் பார்த்தால் பூட்டைத் திறப்பாள். இப்படி நினைத்து மூன்று நாளில் ஒரு கதையை எழுதினாள். பெரிய வீடு, மாடியறை, பிள்ளை இழந்த பெண், வாசலில் காவல் நிற்கும் ஒரு பயங்கர உருவம். கடைசியில் உருவம் யாரென்றால், மருமகள் மேல் உயிரையே வைத்திருக்கும் மாமியார். அவள் விலகுகிறாள், வண்டி வருகிறது, பெண் பிழைக்கிறாள். கையால் எழுதிய தாள்களைப் பத்திரிகைக்குள் செருகிக்கொண்டு செவ்வாய்க்கிழமை பிற்பகல் போனாள்.

அன்று அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் துக்கம் கேட்க வந்திருந்தார்கள். அவர்களும் உட்கார்ந்தார்கள். மீனாம்பாள் வழக்கத்தைவிட உரக்கப் படித்தாள், மேலே கேட்கவேண்டும் என்றே. அக்தரி பேகம் ஒத்தடத் துணியை ஒதுக்கிவிட்டு முன்னால் குனிந்து கேட்டாள். தொட்டி வந்தது, பூட்டு வந்தது. அவள் கண்ணில் தண்ணீர் கட்டியது. சரியாகத்தான் போகிறது என்று மீனாம்பாள் நினைத்தாள்.

"'அந்தப் பெண்ணின் மேல் ஒரு சாயை விழுந்திருந்தது. அந்தச் சாயை நீங்கினால் ஒழிய அவள் பிழைக்கமாட்டாள்.'"

நிழல் என்று எழுதியிருக்கலாம். கடைத்தெருவில் எல்லாரும் சொல்வது நிழல்தான். ஆனால் பத்திரிகைக்கு எழுதி எழுதிப் பழகிய கை. சாயை என்றால் எடுப்பாக இருக்கும் என்று எழுதிவிட்டது. உருதுவிலும் சாயா என்றால் நிழல்தான். ஆனால் அந்த வீடுகளில் ஒரு பெண்மேல் சாயா விழுந்தது என்றால் ஜின் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஒன்பது வருஷம் அந்த வீடுகளில் ஏறி இறங்கியவளுக்கு இந்த ஒரு சொல் தெரியாது. அவர்களுக்குத் தமிழ் புரிகிறதே என்று உருதுவைக் கற்காமலே இருந்துவிட்டாள்.

நாலு பெண்களும் மூச்சை இழுத்தார்கள். "சாயா!" என்றாள் அக்தரி பேகம்.

அப்போது மேலே சத்தம் கேட்டது. தொம், தொம், தொம். கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் தொம், தொம்.

மீனாம்பாளுக்கு உடனே தெரிந்தது. அது தன் கதை என்று மஹ்பூபிக்குப் புரிந்துவிட்டது. இருக்கிறேன், கேட்கிறேன் என்று தரையில் தட்டுகிறாள். அந்த உடம்பில் அந்தத் தெம்பை எங்கிருந்து திரட்டினாளோ.

பெண்களில் ஒருத்தி வீறிட்டாள். ஒருத்தி ஓத ஆரம்பித்தாள். அக்தரி பேகம் மீனாம்பாளின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பேரு சொன்னதும் பதில் சொல்லுது பாரு! நீதான் கண்டுபுடிச்சே, நர்ஸம்மா. டாக்டரும் இல்ல, மருந்தும் இல்ல. சாயா! நான் பாவி, இத்தினி நாளா காய்ச்சல்னு கஞ்சி ஊத்திட்டிருந்தேன்."

"ஐயோ, இல்லம்மா! சாயைன்னா நிழலு. வெறும் நிழலு. அடுத்த வரிலயே வருது, கேளுங்க—"

"நிழலு எங்கனா தட்டுமா?"

"தட்டுனது உங்க மருமவ!"

"என் மருமவளுக்குத் தலையத் தூக்கத் தெம்பில்லன்னு நீதானே சனிக்கிழம சொன்னே?"

மீனாம்பாள் சொல்லியிருக்கக் கூடாததைச் சொன்னாள். தாள்களை எடுத்து விரித்து, "பாருங்கம்மா, இது பத்திரிகை இல்ல. என் கையெழுத்து. இத எழுதினதே நான்தான். பொய்க்கதை!" என்றாள்.

அக்தரி பேகம் தாளையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "நீயா? உனக்கு எங்க மார்க்கத்து விஷயம் இன்னா தெரியும்? சாயான்ற வார்த்த உனக்கு எப்டித் தெரியும்? உன் கையில எழுத வெச்சது யாருன்னு யோசிச்சியா?"

எதைச் சொன்னாலும் அது கதைக்கே வலுச் சேர்த்தது. மீனாம்பாள் கோபத்தில் கத்தினாள். சாயாவும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, உள்ளே இருப்பது சீழ், அரைப்படிச் சீழ் என்று. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் அவளை வாசலுக்கு அனுப்பினார்கள்.

மறுநாளே ஓதிப் பார்க்கும் பெரியவர் ஒருவரை வரவழைத்தார்கள். நல்ல மனுஷர். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஓதி, தண்ணீரில் ஊதிக் கொடுத்தார். அடிக்கவில்லை, புகை போடவில்லை. ஒன்றுதான் சொன்னார். ஏழு நாள் வெளி ஆள் நிழல் அந்த அறையில் விழக்கூடாது, இரும்பு எதுவும் உள்ளே போகக்கூடாது. மீனாம்பாளின் பையில் இருந்தவை கத்தரிக்கோலும் இடுக்கியும்தான்.

நாலாம் நாள் பகலில் அவள் டேனரிக்கே போனாள். பெண்கள் போகும் இடமல்ல. சட்டங்களில் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் அவை ஒரே பக்கமாகத் திரும்பின. கலீமுல்லா தொட்டியோரம் நின்றிருந்தார். நாற்பது வயது, அதிகம் பேசாதவர்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது, நர்ஸம்மா," என்றார். "குர்ஷித்த ரயில்ல ஏத்துனது நான்தான். அம்மா வேணாம் வேணாம்னு அழுதாங்க, நான் கேக்கல. பெட்டி வந்ததும் ஆறு மாசம் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. இன்னொரு வாட்டி அம்மா பேச்சத் தாண்ட என்னால முடியாது."

"அந்தப் பொண்ணு செத்துடுவா."

அவர் சுண்ணாம்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஷபீக்குத் தந்தி குடுத்திருக்கேன். அவ புருஷன் அவன். அவன் கூட்டிட்டுப் போன்னு பதில் குடுத்தா, அம்மா கால்ல உழுந்தாவது அனுப்பி வெக்கறேன்."

பதில் ஐந்தாம் நாள் முற்பகலில் வந்தது. உடனே கொண்டுபோ என்றது. மீனாம்பாள் வண்டியைப் பிடித்து, நாலு பக்கமும் துணி கட்டி, உள்ளே வைக்கோல் பரப்பி மெத்தை போட்டாள். லேடி டாக்டருக்குச் சீட்டு எழுதிப் பையில் வைத்தாள். பகல் ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. தெரு முனை திரும்பியதும் அந்த வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தது தெரிந்தது. வண்டிக்காரர் தானாகவே மாட்டை நிறுத்திவிட்டார்.

உள்ளே பெண்களின் குரல். மாடிக் கதவு அகலத் திறந்திருந்தது. குளிப்பாட்டுவது அந்த வீட்டுப் பெண்களின் காரியம்; மீனாம்பாள் அதற்குப் போகமுடியாது. திரைக்கு வெளியே நின்றாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. உள்ளே ஒருத்தி, மார்பில் கட்டி உடைந்து எவ்வளவு வந்தது என்று தண்ணீர் கொண்டுவந்த வேலைக்காரியிடம் மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். மீனாம்பாள் அளவைக் கவனித்துக் கேட்டாள். அவள் கணக்கிட்டதுதான்.

அக்தரி பேகம் வந்து அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். இந்தத் தோளை விட்டால் விழுந்துவிடுவாள் போல.

"கடைசில உன்னத்தான் கேட்டா, நர்ஸம்மா. நர்ஸம்மாவ சத்தமா படிக்கச் சொல்லுன்னா. நீ கண்டுபுடிச்சுக் குடுத்தே. நாங்கதான் லேட் பண்ணிட்டோம். ஒரு வாரம் முந்தி நீ அந்தக் கதையப் படிச்சிருந்தா என் பொண்ணு பொழச்சிருப்பா."

உண்மையைச் சொன்னால் அந்தக் கிழவி மருமகளைத் தானே கொன்றதாகத் தெரிந்துகொண்டு மிச்ச நாளை ஓட்டவேண்டும். மீனாம்பாள் அவளைப் பிடித்து உட்கார வைத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்க வைத்தாள்.

கதைத் தாள்களை அன்றே அடுப்பில் போட்டாள். பத்திரிகையிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன, பதில் போடவில்லை. கோதண்டபாணியின் கதை அதற்கப்புறம் எதிலும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் ஒரு உருதுக்கார அம்மாளிடம் போய் எழுத்திலிருந்து தொடங்கிப் பாடம் கற்றாள்.

ஒரு வருஷம் கழித்து சர்தார் பாஷா என்பவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மருமகள் சுகராவுக்குப் பிள்ளை பிறந்து ஒன்பது நாள். அவளுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது, பிதற்றுகிறாள். வந்தவள் சொன்னது, "அக்தரி பேகம்தான் உன்னக் கூப்புடச் சொன்னாங்க. சாயா இருந்தா நீ பார்த்ததும் சொல்லிடுவியாமே."

மீனாம்பாள் போனாள். அக்தரி பேகமும் அங்கே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தாள். பெண்ணின் உடம்பைத் தொட்டதுமே தெரிந்தது. குளிர் காய்ச்சல், அடிவயிறு கல், துணியில் துர்நாற்றம். உள்ளே நஞ்சுத் துண்டு தங்கியிருக்கிறது. இன்றைக்கே வேலூர் போனால் பிழைப்பாள்.

"இன்னா நர்ஸம்மா? இருக்குதா?" என்று மாமியார்க்காரி கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அறை முழுக்கப் பெண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருக்குது," என்றாள் மீனாம்பாள். "சாயாதான். இத இங்க எறக்க முடியாது. எறக்கற எடம் வேலூர்ல இருக்குது. பொம்பளைங்க மட்டும்தான் உள்ள போவலாம். பொழுது சாயறதுக்குள்ள போய்ச் சேரணும்."

ஒரு பெண்கூட மறுத்துப் பேசவில்லை. கால் மணி நேரத்தில் வண்டி வாசலுக்கு வந்தது. துணைக்கு யார் போவது என்றபோது அக்தரி பேகம், நடக்க முடியாதவள், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான் போறேன்," என்றாள்.

அதன் பிறகு பத்து வருஷம், மீனாம்பாள் வேலையை விடும்வரை, சாயா என்று சொல்லி அவள் ரயிலேற்றிய பெண்கள் நாற்பத்தொரு பேர். முப்பத்தாறு பேர் நடந்து திரும்பினார்கள். சுகரா அதில் முதல் ஆள்.

அன்றைக்குப் பெண்கள் பெட்டியில் சுகராவைப் பலகையில் படுக்க வைத்திருந்தார்கள். அவள் தலை அக்தரி பேகத்தின் மடியில். குடியாத்தம் தாண்டும் வரை கிழவி அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே வந்தாள். பயப்படாதே மகளே, அங்கே இறக்கிவிடுவார்கள் என்று உருதுவில் சொன்னாள். மீனாம்பாளுக்கு இப்போது ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"நர்ஸம்மா," என்றாள் அக்தரி பேகம், தலை நிமிராமலே. "மஹ்பூபிக்கு நீ சொன்னியே, அந்த ஆஸ்பத்திரிதானே இது?"

"ஆமாம்மா."

"அங்க சாயாவும் எறக்குவாங்கன்னு அன்னைக்கு நீ சொல்லவே இல்லியே. சொல்லியிருந்தா நானே தூக்கிட்டு ஓடியிருப்பேனே."

மீனாம்பாள் சுகராவின் நாடியைப் பிடித்திருந்தாள். எண்ணிக்கை தவறிவிட்டது. முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

"அன்னைக்கு எனக்குத் தெரியாதும்மா," என்றாள்.

"அதானே," என்றாள் அக்தரி பேகம். முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையை நீட்டி அவள் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள். "உனக்கு மட்டும் எப்டித் தெரியும், பாவம்."